ஏர் ஃபில்டர் வெளியே வந்த ஞாயிறு

சேலத்தில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. ஒன்பது வயது ஆகியிருந்தாலும் பார்த்தால் தெரியாது. ஞாயிறுதோறும் தவமணியும் அவர் மனைவி அமுதவல்லியும் அதைக் கழுவுவார்கள். அவர் தண்ணீர் பைப்பைப் பிடிக்க, அவள் ஷாம்பு நுரையில் துணியைத் தோய்த்துத் தேய்ப்பாள்.

இந்தக் கவனிப்பில், எஞ்சினை மூடியிருக்கும் பானெட்டுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. தன் பளபளப்பைப் பார்த்துத்தான் தெருவே இந்தக் காரை மதிக்கிறது என்று பக்கக் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணாடியும் ஆமோதிக்கும்.

பானெட்டுக்கு அடியில், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் ஏர் ஃபில்டர் இருந்தது. எஞ்சினுக்குப் போகும் காற்றைத் தூசி இல்லாமல் வடிகட்டி அனுப்புவது அதன் வேலை. மூன்று வருடமாக அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஏற்காடு மலை ஏறும்போது கார் திணறியது. ஏழாவது வளைவில் நின்றேவிட்டது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. தவமணி வியர்க்க வியர்க்க வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். இனி இதை விற்றுவிடுவதுதான் சரி என்றார்.

"திறந்துகூடப் பார்க்காம வித்துட்டா எப்படிங்க? காலையில நான் பார்க்கறேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள் அமுதவல்லி.

அன்றிரவு வாசலில் காருக்குள்ளேயே சண்டை தொடங்கியது. உன் சோம்பேறித்தனத்தால் நாம் எல்லோரும் வேறு வீடு போகப்போகிறோம் என்று பானெட் எஞ்சினைத் திட்டியது. எனக்கு மூச்சே போதவில்லை என்றது எஞ்சின்.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "தவறு என்னுடையது. இனி தூசி பிடித்துவைக்க என்னிடம் இடமில்லை."

அங்கே ஒருவர் இருப்பதே பானெட்டுக்கு அன்றுதான் தெரிந்தது.

காலையில் அமுதவல்லி காருடன் வந்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். பெட்டியின் கிளிப்புகளை விரலாலேயே நெம்பி ஃபில்டரை வெளியே எடுத்தாள். மடிப்புக்கு மடிப்பு மண். நடுவே செத்த பூச்சிகள், காய்ந்த வேப்பிலை ஒன்று.

கண்ணாடி சிரித்துவிட்டது. இப்படி ஓர் அழுக்குப் பிண்டமா நம் கூட்டத்தில் என்று கேட்டது.

"அது எனக்கு வந்த அழுக்கு. என்மேல் படாமல் ஃபில்டர் வாங்கிக்கொண்டது" என்றது எஞ்சின்.



அமுதவல்லி ஃபில்டரைத் தரையில் தட்டினாள். தூசி புகைபோல எழுந்து, பளபளத்த கார் முழுவதும் படிந்தது. பானெட் முணுமுணுக்கக்கூட இல்லை. மடிப்புகளுக்கு இடையே வெயில் தெரியும்வரை தட்டி, பெட்டியையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள்.

அன்றே மறுபடி மலை ஏறினார்கள். ஏழாவது வளைவு தாண்டியதையே தவமணி கவனிக்கவில்லை.

"விக்கறதா சொன்னீங்களே?" என்றாள் அமுதவல்லி.

"யார் சொன்னா?" என்று கேட்டபடி அவர் கியரை மாற்றினார்.

மேலே ஏரிக்கரையில் கார் நின்றது. பானெட் முதல்முறையாக உள்பக்கம் திரும்பி, எதிரே தெரியும் தண்ணீரையும் படகுகளையும் இறங்கிவரும் மேகத்தையும் ஃபில்டருக்கு ஒவ்வொன்றாக விவரித்தது.

"அதெல்லாம் நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கே காற்று நன்றாக இருக்கிறது" என்றது ஃபில்டர்.