மாசிலாமணியின் தாகம்

“ஒருத்தரும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறாங்க, மேடம்.”

சொன்னவர் மாசிலாமணி. நாற்பது வயதில் பரீட்சை எழுதிப் பாஸாகி, நகராட்சியில் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் ஜெசிந்தா. அவரைவிட எட்டு வயது இளையவர், ஆனால் அதே வேலையில் பத்து வருடம் தெருத்தெருவாக நடந்தவர்.

செக்கடித் தெருவில் ஆறு பிள்ளைகள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கொசு எந்த வீட்டுத் தண்ணீரில் பெருகுகிறது என்று தெரிந்தால்தான் ஏழாவது பிள்ளையைக் காப்பாற்ற முடியும். மாசிலாமணி இரண்டு முறை வீடு வீடாகப் போய்விட்டார். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். எங்கள் வீட்டில் தண்ணீரே பிடித்து வைப்பதில்லை.

பொய்யென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். கொசுப்புழுவைப் பார்த்தால் ஆபீசர் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துவிடுவார் என்று அவர்களுக்குப் பயம்.

“போலீசைக் கூட்டிட்டுப் போகட்டுமா, மேடம்?”

ஜெசிந்தா மேசைமேல் இருந்த மாசிலாமணியின் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று மாசிலாமணியின் மனைவி தினமும் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தனுப்புவது. மனிதர் அதைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு அலைவார், பாவம்.

ஜெசிந்தா அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

“இப்பப் போங்க, சார்.”

மாசிலாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போனார்.

புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று வீட்டில் அதே பாட்டு. நாலாவது வீட்டு வாசலில் நிற்கும்போது அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

“அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க.”

அந்த வீட்டுக்காரி தங்கக்கிளி, இரண்டு முறையும் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியவள், பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். செம்பு நிறைய மொண்டு வந்தாள்.

மாசிலாமணி கையை நீட்டினார்.

அவள் தரவில்லை. செம்புக்குள் நெளிவதைப் பார்த்தாள். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாங்கன்னா துணியில வடிகட்டிக் குடிச்சிருவோம், சார். வீட்டுக்கு வந்தவங்களுக்கு இதை எப்படிக் குடுக்க?”