சாபத்தை முதலில் அழித்த ராஜா

வாருங்கள், நெருங்கி உட்காருங்கள். எந்தக் காலத்துக் கதை என்று மட்டும் கேட்காதீர்கள். ராஜாக்கள் மலிந்து, வெட்கம் அரிதாகிப் போயிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்குன்றூர் என்று ஓர் ஊர். அதை ஆண்டவன் திடவீரன். ஆள் நல்லவன்தான். வரியைக் கூட்டவில்லை, வம்புச் சண்டைக்குப் போகவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிட்டான். அவன் வயிற்றெரிச்சலெல்லாம் ஒரே ஒரு சிலைமேல்தான்.

ஊர் நடுவே பனைமர உயரத்துக்கு நின்றது அந்தக் கற்சிலை. திடவீரனின் பாட்டனுக்குப் பாட்டன், ஊருக்கு ஏரி வெட்டிய மாவண்ணன். அகன்ற முகம், முறுக்கிய மீசை. காலடியில் ஒரு நாய். ஏரி வெட்டியபோது ராஜா பின்னாலேயே சுற்றிய நாயாம். சிற்பி ஆசைக்குச் செதுக்கி வைத்திருந்தான்.

ஏரிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் சிலையைக் கும்பிட்டார்கள். ஏர் கட்டப் போகிறவர்கள் கும்பிட்டார்கள். அரண்மனைக்கு வழக்கு சொல்ல வருகிறவர்கள்கூட முதலில் சிலையைக் கும்பிட்டுவிட்டுத்தான் ராஜாவைக் கும்பிட்டார்கள். மாடத்தில் நின்று இதைப் பார்த்துப் பார்த்துத் திடவீரனுக்குச் சோறு இறங்கவில்லை. ‘நான் செத்தால் என் முகம் எவனுக்கு ஞாபகம் இருக்கும்?’ என்று உள்ளுக்குள் புழுங்கினான். பாவம், நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

“அதற்கென்ன, நீங்களும் ஓர் ஏரி வெட்டுங்களேன்,” என்றாள் ராணி அல்லிக்கோதை.

“ஏரியா? அதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும், எவ்வளவு மண் சுமக்க வேண்டும்!” என்றான் ராஜா. “முகத்தை மாற்றினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.”

அந்த வீட்டில் அறிவு இருந்தது ராணிக்குத்தான். அதனால் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

சிற்பி சாத்தன் வந்தான். சாரம் கட்டி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிச் சபைக்குப் போனான். “மகாராஜா, மூன்று சந்தேகம்,” என்றான்.

“கேள்.”

“கல்லில் எடுக்கலாம், ஒட்ட முடியாது. பழைய முகத்தை எடுத்துவிட்டு உங்கள் முகத்தைச் செதுக்கினால் தலை சிறுத்துப் போகுமே?”

“போகட்டும். முகம் என்னுடையதாக இருந்தால் சரி.”

“காலடி நாயை என்ன செய்ய?”

“நாயோடு எனக்கென்ன பகை? கிடந்துவிட்டுப் போகட்டும்.”

“மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது. பீடத்தில் சாபம் வெட்டியிருக்கிறது. இந்தச் சிலையை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று!”

திடவீரனுக்கும் வேர்த்துவிட்டது. தாடியைத் தடவினான், கூரையைப் பார்த்தான், திடீரென்று சிரித்தான்.

“அட பைத்தியக்காரா! முதலில் சாபத்தைச் செதுக்கி எடு. அப்புறம் முகத்தில் கை வை. சாபமே இல்லாத சிலையைத் தொட்டால் பாவம் எப்படி ஒட்டும்?”

சபையே ‘ஆகா, ஆகா’ என்றது. பக்கத்தில் நின்ற இளவரசன் மாறவேள் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினான். அப்பனின் மூளையை எண்ணி அவனுக்கு அப்படி ஒரு பூரிப்பு.

சாபம் போனது. மீசை போனது. மாவண்ணன் போனான். பனைமர உடம்பின்மேல் கொஞ்சம் சின்னத் தலையோடு திடவீரன் எழுந்தான். இனி யாரும் கை வைக்கக் கூடாதே? பீடத்தில் புதுச் சாபம் வெட்டச் சொன்னான். ஒன்று போதாதென்று மூன்று: காராம்பசுவைக் கொன்ற பாவம், பெற்ற தாயைக் கொன்ற பாவம், கோயில் விளக்கை அணைத்த பாவம்.

ஜனங்கள் அன்றாடம் போலவே வந்து கும்பிட்டார்கள். அவர்கள் கும்பிட்டது குடிக்கும் தண்ணீரை. திடவீரன் அது தனக்கென்று நினைத்துக் குளிர்ந்துபோனான். இனிச் செத்தாலும் கவலையில்லை என்று மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டுக் காசிக்கு நடந்தான்.

காசி என்ன பக்கத்துத் தெருவா? போனவன் திரும்பும்போது தாடி நரைத்து, உடம்பு வற்றி, கந்தல் கட்டிய பரதேசியாக இருந்தான். ஊர் நடுவே வந்ததும் அவன் கண் தேடியது மனைவியை அல்ல, மகனை அல்ல. அண்ணாந்து சிலையைத்தான் பார்த்தான்.

பனைமர உடம்பின்மேல் பூசணிக்காய் அளவுக்கு ஒரு தலை. அதில் மாறவேளின் முகம்.

“ஐயோ! என் முகம் எங்கே?” என்று அலறினான்.

காவல்காரன் ஓடிவந்தான். “உம் முகம் உம் கழுத்துமேல்தானே இருக்கிறது, பெரியவரே! எட்டிப் போம்,” என்றான்.

கூச்சல் கேட்டு மாறவேளே வந்தான். தகப்பனை அடையாளம் கண்டு காலில் விழுந்தான். குறை சொல்லக் கூடாது, பாசக்காரப் பிள்ளை.

“அடே பாவி! மூன்று சாபம் வெட்டி வைத்தேனே, உன் கண்ணில் படவில்லையா?”

“பட்டது அப்பா. நடுங்கிப்போனேன். அப்புறம் நீங்கள் சபையில் சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் சாபத்தை எடுத்தேன், பிறகு முகத்தை எடுத்தேன். பீடத்தைப் பாருங்கள், இப்போது ஐந்து சாபம்! இனி எவன் கை வைப்பான்?”

திடவீரன் பீடத்தைப் பார்த்தான். ஐந்து சாபத்தையும் எண்ணினான். அப்படியே பீடத்தில் சரிந்து, குழந்தைபோல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மாறவேளின் மகனும் சாபத்தை அழித்தான். பேரனும் அழித்தான். தலை தேங்காயானது, எலுமிச்சையானது, ஒரு நாள் உளி பட்டு மொத்தமும் உதிர்ந்தது. இப்போது யார் சிலை என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் காலடி நாய் மட்டும் காது, வால், நாக்கு எதுவும் குறையாமல் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் அதற்குத்தான் சந்தனம் பூசிக் கும்பிடுகிறார்கள். ஊருக்கே இன்று நாயார்கோட்டம் என்று பெயர்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னோன் புகழை அழித்து அந்த இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்பவன், தன்னை அழிக்கும் வழியைப் பின்னால் வருகிறவனுக்குத் தானே கற்றுக்கொடுக்கிறான்.