கல்லுக்கு அடியில் யாரும் இல்லை

“ஓடை செத்துப்போச்சு, டீச்சர்.”

உலகம்மை நிமிரவில்லை. முறத்தில் பரப்பிய அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்த ஓடை?”

“பாலத்தோடை. நான் வாராவாரம் பார்க்கிற ஓடை.”

“தண்ணி வத்திருச்சா?”

“இல்லை. கண்ணாடி மாதிரி ஓடுது. அதான் பயமா இருக்கு. கல்லைப் புரட்டினா அடியில யாரும் இல்லை.”

அருமைநாயகத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. குடிநீர் லேப்பில் முப்பது வருடம் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவர். உலகம்மைக்கு நாற்பது. இருந்தாலும் அவர்தான் மாணவர். பாட்டிலில் அள்ளிய தண்ணீர் அள்ளிய நேரத்தை மட்டும்தான் சொல்லும், கல்லுக்கு அடியில் குடியிருக்கிற பூச்சி ஒரு வருடத்துக் கதையைச் சொல்லும் என்று அவள் ஒருமுறை சொல்லக் கேட்டார். அன்றிலிருந்து அவளிடம் பாடம் கேட்க வந்துகொண்டிருக்கிறார்.

“முதல் திங்கள்கிழமை என்ன இருந்தது?”

நோட்டைப் பிரித்தார். “மூணு வால் பூச்சி நாற்பது. மணல்ல கூடு கட்டுற புழு பதினெட்டு. தட்டான் குஞ்சு ஆறு.”

“அடுத்த வாரம்?”

“மூணு வால் ஒன்பது. கூடு கட்டுறது அஞ்சு. தட்டான் இல்லை.”

“மூணாவது வாரம்?”

“சிவப்புப் புழு ஒண்ணு. அது சாக்கடையிலயும் இருக்கும்.”

“போன வாரம்?”

“கூடு இருந்தது, டீச்சர். உள்ளே ஆள் இல்லை.”

அவள் கை முறத்தில் நின்றது.

“யார் கொன்னது?”

“மேலே முப்பிடாதின்னு ஒரு அம்மா. புருஷனும் பொண்டாட்டியுமா இஞ்சி போட்டிருக்காங்க. மருந்து அடிக்காம இஞ்சி வருமா? அறிக்கை எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே தாலுகா ஆபீஸ்ல கொடுத்திருவேன். ஓடைப் புறம்போக்குதானே, தோட்டத்தைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க.”

“தண்ணியைச் சோதிச்சப்ப மருந்து சிக்குச்சா?”

“சிக்கலை. ஓடிப் போயிருக்கும்.”

உலகம்மை முறத்தை இறக்கி வைத்தாள்.

“வாங்க. இன்னிக்கும் திங்கள்கிழமைதானே. எப்பவும் செய்றதை அப்படியே செய்யுங்க. வண்டியை நிறுத்துறதுல இருந்து.”

 

பாலம் சிறியது. கோடையில் ஓடை ஒரே எட்டில் தாண்டக்கூடியதாக மெலிந்திருந்தது. மேலே இஞ்சித் தோட்டம். பாலத்துக்குக் கீழே இருபதடியில் அருமைநாயகம் புரட்டும் கற்கள்.

பாலத்துச் சுவரில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துக்கு ஆபத்து வரப்போகிற செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது.

“நீங்கதான் இவருக்கு டீச்சரா? வாராவாரம் வந்து ஓடைக் கல்லையெல்லாம் புரட்டுறாரு. கீழ என்ன புதையலா இருக்குன்னு நானும் போய்ப் பார்த்தேன். ஒண்ணையும் காணோம்.”

“அதுதாம்மா பிரச்சினை,” என்றார் அருமைநாயகம்.

“எங்க வீட்டுப் பானையில இருக்கறதும் இந்தத் தண்ணிதான், சார். எங்க பானையில நாங்களே விஷத்தைப் போடுவோமா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை நிறுத்தினார்.

பெட்டியிலிருந்து வலை, ரப்பர் பூட்ஸ், வாளி மூன்றையும் இறக்கினார். பாலத்தை ஒட்டி இறங்கி, வாளியில் தண்ணீர் மொண்டார். ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். இன்னொன்று. இன்னொன்று.

“அது என்ன?”

“நீங்க சொன்னதுதான், டீச்சர். ஒரு ஓடையோட நோயை இன்னொரு ஓடைக்குக் கொண்டுபோகக் கூடாது. தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி வலையைச் சுத்தம் பண்ணணும்.”

“வெயில்ல காயவைக்கச் சொன்னேன்.”

“வெயிலை நம்பி எப்படி விடறது? லேப்ல வந்த பழக்கம். வெறும் ப்ளீச்சிங் பவுடர்தான். குடிக்கிற தண்ணியிலயே போடறதுதானே.”

“மூணு பொட்டலமா?”

“முதல் வாரம் ஒண்ணுதான். பூச்சி குறையக் குறைய, என் வலையிலதான் ஏதோ அழுக்கு இருக்கோன்னு சந்தேகம் வந்திருச்சு.”

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வலையை முக்கித் தேய்த்தார். பூட்ஸைத் தேய்த்தார். அதன் அடியிலுள்ள பள்ளங்களில் ஒட்டிய மண்ணைக்கூட விடவில்லை. வேலையில் இறங்கிவிட்டால் அவருக்கு அக்கம்பக்கம் தெரியாது.

உலகம்மை செருப்பைக் கழற்றினாள். பாலத்துக்கு மேல்பக்கமாகப் பத்தடி நடந்து, தண்ணீரில் இறங்கி, ஒரு கல்லை இரண்டு கைகளாலும் எடுத்து வந்தாள். அவர் முன்னால் புரட்டிப் பிடித்தாள்.

கல்லே நகர்வது போல இருந்தது.

மூன்று வால்கள். அங்கே இன்னும் மூன்று வால்கள். வெளிச்சம் பட்டதும் பக்கவாட்டில் ஓடின. மணலை மணலாக ஒட்டிக் கட்டிய கூடுகள். ஒவ்வொரு கூட்டின் வாயிலும் ஒரு தலை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“எங்கே எடுத்தீங்க?”

“பாலத்துக்கு மேலே.”

“இஞ்சித் தோட்டத்துக்கும் மேலேயா?”

“தோட்டத்துக்குக் கீழே. தோட்டத்துக்கும் நமக்கும் நடுவுல.”

அவர் தோட்டத்தைப் பார்த்தார். அவள் கையில் இருந்த கல்லைப் பார்த்தார். பாலத்துக்குக் கீழே, நான்கு வாரமாகத் தான் புரட்டிய கற்களைப் பார்த்தார். துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி அவை வெளுத்துக் கிடந்தன.

“டீச்சர், அப்படின்னா...”

“இதுகளை ரொம்ப நேரம் வெளியில வச்சிருக்க முடியாது. நான் போய் விட்டுட்டு வரேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. கழுவி முடிச்சதும் என்ன செய்வீங்க?”

“இந்தத் தண்ணியை...”

வாளியைக் குனிந்து பார்த்தார். வாளியின் வாடை மூக்கில் ஏறியது. லேப்பில் முப்பது வருடம் கூடவே இருந்தும் அவர் கவனிக்காமல் போன வாடை.

எழ முயன்றார். ஈரக் கல்லில் கால் வழுக்கியது. வாளி ஓடைப்பக்கம் சாய்ந்தது. தாவிப் பிடித்துத் தூக்கிக்கொண்டார்.

முப்பிடாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனிதர் தடுமாறுவது மட்டும் தெரிந்தது. சுவரிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

“விடுங்க, சார். ஓடையில கொட்டணும், அவ்வளவுதானே? வாராவாரம் பார்க்கிறேன்ல. குடுங்க, நான் கொட்டுறேன்.”

கையை நீட்டினாள்.

அருமைநாயகம் வாளியை இரண்டு கைகளாலும் மார்போடு கட்டிக்கொண்டார். தண்ணீர் தளும்பிச் சட்டை நனைந்தது. சட்டைப் பையில் அறிக்கை இருந்தது.

“வேண்டாம், தாயி,” என்றார். “தொட்டுராதீங்க. இது விஷம்.”