முடிவைச் சொன்ன வாத்து

கொப்பரை என்ற ஆமைக்கு அநியாயம் செய்தது பேமா என்ற வாத்துதான். அந்த ஏரியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கொப்பரையே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தது.

கொப்பரை எதையும் மறக்கிற பிராணி இல்லை. வெள்ளம் வந்த வருஷம் அதன் முதுகில் ஏறிக் கரைசேர்ந்த ஒரு தவளை, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தாவிப் போய்விட்டது. அந்தத் தவளையின் பேரப்பிள்ளைகளைக்கூடக் கொப்பரை இன்றுவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட ஆமைக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. அது ஒரு புத்தகம். ஏரியைப் பார்க்க வந்த யாரோ புங்கமரத்தடியில் மறந்துவிட்டுப் போனது. கோயில் யானையின் கழுத்துமணி காணாமல் போகிறது, திருடன் யார் என்று ஊரே தேடுகிறது என்பது கதை.

கொப்பரை எழுத்துப் படித்தது கரையில் நட்டிருந்த பலகையைப் பார்த்து. பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியில் இல்லாத எழுத்துகளைச் சுண்டல் மடித்துக் கொடுத்த தாள்களில் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டது.

ஆமைக் காலால் ஒரு தாளைப் புரட்டுவது லேசான வேலை இல்லை. நகத்தை நுழைத்து, கிழியாமல் தூக்கி, அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். காற்று அதைத் திரும்பவும் இந்தப் பக்கம் போட்டுவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு தாள்தான். மீதி நேரமெல்லாம் தண்ணீரில் மிதந்தபடி திருடன் யார் என்று யோசிக்கும். பூசாரியா? பூக்காரியா? மணியக்காரர் மச்சானா? அந்த யோசனை அதற்குச் சாப்பாட்டைவிட ருசித்தது.

மார்கழியில் வாத்துகள் வந்து இறங்கின. பனிமலைக்கு அப்பாலிருந்து வருகிறவை. தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒரே வாத்து பேமா. வருஷா வருஷம் வந்து, அதுவும் அதே சுண்டல் தாள்களில் தமிழ் கற்றிருந்தது.

புத்தகத்தைக் கண்டதும் பேமா ஓடோடி வந்தது. தானும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கழுத்தைத் தாழ்த்திக் கேட்டது. படிக்கிற துணையே கிடைக்காத கொப்பரைக்கு உள்ளூர மகிழ்ச்சி. நகர்ந்து இடம் கொடுத்தது.

பேமா அலகை நுழைத்து நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்தது. படித்தது. பிறகு மிகவும் பிரியமாகச் சொன்னது:

"அண்ணாச்சி, மணியை எடுத்தது பாகன்தான்."

இன்னும் நாற்பது தாள் பாக்கி இருந்தது. கொப்பரை தலையை இழுத்துக்கொண்டது. நாலு காலையும் இழுத்துக்கொண்டது. மூன்று நாள் வெளியே வரவில்லை.

அந்த ஏரியில் ஒரு நாமக்கோழி உண்டு. நெற்றியில் பட்டையாக வெள்ளை, வாயில் ஓயாத வம்பு. தினமும் காலையில் வந்து ஓட்டைத் தட்டி, "அண்ணாச்சி, பாகன் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போகும்.

என்ன தப்பு நடந்தது என்று பேமாவுக்கு விளங்கவில்லை. நாமக்கோழிதான் எடுத்துச் சொன்னது. கேட்டதும் பேமா பதறிப்போய் ஓட்டின் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் வழக்கத்தைச் சொன்னது. வாத்துக் கூட்டத்தில் தலைவர் எந்த நேரமும் குரல் கொடுப்பார். கொடுத்தால் பறந்தாக வேண்டும். பாதிக் கதையோடு பறந்த ஒரு சித்தப்பா, அதையே நினைத்துக்கொண்டு போய் மலைமேல் வழி தவறிவிட்டார். அன்றிலிருந்து முடிவைத்தான் முதலில் படிப்பார்கள். மனசு அடங்கியபின் ஆரம்பத்திலிருந்து படிப்பார்கள். மனசுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் முடிவைச் சொல்வார்கள். அந்நியர்களுக்குச் சொல்வதே இல்லை.

"அது உங்க ஊர் வழக்கம்," என்றது ஓட்டுக்குள்ளிருந்து குரல். "என் நாற்பது தாள் போச்சே, அதுக்கு என்ன சொல்றே?"

பேமா, கொப்பரை நிறுத்திய இடத்தில் புத்தகத்தைத் திறந்து உரக்கப் படிக்கத் தொடங்கியது. பாகன் வைக்கோல் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றிப் போகிறான் என்று ஓர் இடம் வந்தது. ஓடு அசைந்தது.

"அதை மறுபடி படி."

பேமா படித்தது.

"வைக்கோலுக்குள்ளதான் வச்சிருக்கான் படுபாவி! அதான் சுத்துவழியாப் போறான்!" கொப்பரையின் தலை முழுதாக வெளியே வந்துவிட்டது.

அப்புறம் இரண்டும் சேர்ந்தே படித்தன. தாளைப் பேமா அலகால் புரட்டும். காற்றில் மடங்காமல் கொப்பரை காலை வைத்து அமுக்கிக்கொள்ளும். யார் என்று தெரிந்துவிட்டதால் பாகன் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. மணிச் சத்தத்தில் கிழட்டு யானைக்குத் தூக்கமே இல்லை, அதனால்தான் பாகன் எடுத்தான் என்று வந்தபோது சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கம் யார் என்றுதான் சொல்லியிருந்தது. ஏன் என்று சொல்லவில்லை.

"நல்ல கதை," என்றது கொப்பரை. "ஆனாலும் நீ எனக்கு ஒரு முடிவு பாக்கி."

பேமா அதை ஒப்புக்கொண்டது. பத்து நாள் கரைகரையாகத் தேடி, அக்கரையில் சிமெண்டு பெஞ்சுக்குக் கீழே இன்னொரு புத்தகத்தைக் கண்டுபிடித்தது. அதை அலகில் தூக்கிப் பிடித்து, நனையாமல் நீந்தி வந்து சேர்த்தது. தொலைந்துபோன தம்பியைத் தேடி ஓர் அக்காள் லாரி ஏறிப் போகிற கதை.

"கடைசிப் பக்கத்தைப் பாத்தியா?"

"இல்லை அண்ணாச்சி."

"சத்தியமா?"

"பார்க்காம இருக்கக் கழுத்தைத் திருப்பிக்கிட்டே வந்தேன். சுளுக்கிக்கிச்சு."

இந்த முறை கொப்பரையின் வழக்கப்படி ஒரு நாளைக்கு ஒரு தாள். முதல் வாரம் பேமாவுக்குப் புல் இறங்கவில்லை. இன்னும் அரைத் தாள், ஒரே ஒரு பத்தி என்று கெஞ்சிப் பார்த்தது. கொப்பரை மசியவில்லை. போகப் போகப் பேமாவுக்கும் யோசிக்கிற ருசி பிடித்துவிட்டது. தம்பி தேயிலைத் தோட்டத்தில் இருப்பான் என்று பேமா சொல்லும். செங்கல் சூளையில்தான் என்று கொப்பரை அடித்துப் பேசும். ஓட்டலில் மாவாட்டுகிறான் என்பது நாமக்கோழியின் கட்சி. வம்பை விட்டுவிட்டு அதுவும் தினம் வந்து உட்கார்ந்தது.

பங்குனியில் ஒரு காலை. அக்காள் ஒரு கதவைத் தட்டுகிறாள், உள்ளே யாரோ எழுந்து வருகிற சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் தலைவர் குரல் கொடுத்துவிட்டார். கூட்டம் எழும்பியது. பன்னிரண்டு தாள் பாக்கி.

பேமா வானத்தைப் பார்த்தது, புத்தகத்தைப் பார்த்தது. சிறகை விரித்தது, மறுபடி மடக்கியது. வழி தவறிய சித்தப்பாவை எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"பழி தீர்க்க நல்ல சமயம் அண்ணாச்சி," என்று நாமக்கோழி காதோடு சொன்னது. "புத்தகத்து மேல ஏறி உக்காந்துக்கோங்க."

கொப்பரை மெள்ள நகர்ந்து புத்தகத்திடம் வந்தது. பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. கடைசித் தாளுக்கு அடியில் நகத்தை நுழைத்துத் தூக்கிப் பிடித்தது.

"நான் கண்ணை மூடிக்கிறேன். நீ பாத்துட்டுப் போ. மலை தாண்டணும்ல."

பேமா அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அலகை வைத்து, தாளை மெதுவாக மூடியது.

"வேண்டாம் அண்ணாச்சி. மார்கழியில வந்து சேர்ந்தே படிப்போம். யோசிச்சுக்கிட்டே போனாலும் எனக்கு வழி தப்பாது, திரும்பி வந்து படிக்கப் புத்தகம் இங்க காத்திருக்கே. ஆனா நீங்களும் தொடக் கூடாது."

"நானா? ஒன்பது மாசமா?"

அதற்குள் பேமா எழும்பிவிட்டது.

புத்தகம் இப்போது புங்கமரத்துப் பொந்தில் இருக்கிறது. கரையான் அண்டாமல் கொப்பரை வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது. யார் வந்து நலம் கேட்டாலும் தன் வழக்கைச் சொல்கிறது: "அவ ஒரு முடிவைச் சொல்லிக் கெடுத்தா. இன்னொண்ணைப் படிக்கவிடாம நிறுத்திட்டுப் போயிட்டா. ரெண்டு பாக்கி. வரட்டும், விட மாட்டேன்." சொல்லிவிட்டு வடக்குப் பக்கத்து வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறது.

ஊரும் வழக்கமும் வேறாக இருந்தாலும் ஒரே புத்தகத்தின் முன் சேர்ந்து குனிந்தவர்கள் நண்பர்களாகிவிடுவார்கள். அவர்களுக்குள் ஒரு முடிவு பாக்கி இருந்தால் அந்த நட்பு இன்னும் கெட்டி.