சார்ஜ் ஏறாத கார்

“அக்கா, அந்தச் சொரிமுத்து இருக்கிற இடத்துல இனி நான் இருக்க மாட்டேன்.”

சொன்னவர் ஆவுடையப்பன். கேட்டுக்கொண்டிருந்தவர் செண்பகவல்லி. சங்கரன்கோவில் சாலையில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பட்டறை அவருடையது. சொரிமுத்து அங்கே வேலை பார்க்கும் இன்னொருவர்.

ஆவுடையப்பன் அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் தொழில் கற்க வந்த முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டார். செண்பகவல்லியும் விடாமல் அண்ணாச்சி என்றார். இரண்டு பேருக்கும் மரியாதையில் குறைவில்லை.

“என்ன செஞ்சான்?”

“என்ன செய்யலை? ஒயர் முறுக்கினா முறுக்கு சரியில்லங்கான். டேப் சுத்தினா மொத்தமா இருக்குங்கான். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைக்கதுக்குள்ள ஒரு குத்தம் கண்டுபிடிச்சிருதான்.”

“அவன் சொன்னது பொய்யா?”

“பொய்யா நெசமாங்கிறது இல்லக்கா விசயம். நாள் பூரா காதுல விழுந்தா மனுசன் என்னத்துக்கு ஆவான்? எனக்கு உத்தரவு கொடுங்க. தனியா கடை போட்டுக்கிடுதேன்.”

செண்பகவல்லியின் வாயால் ‘போகலாம்’ என்ற சொல்லை வாங்காத ஆளிடம் அந்தப் பக்கத்து டிரைவர்கள் வண்டியை விட மாட்டார்கள். ஐம்பது வயதில் கடை போடுகிறவருக்கு அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

பட்டறையின் மூலையில் ஒரு பழைய கார் நின்றது. அதன் சொந்தக்காரரான டாக்டர், பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகப் புது மாதிரி ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தார். சில மாதம் ஓடியது. இப்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை.

செண்பகவல்லி அதைக் கை காட்டினார்.

“அதுக்குச் சார்ஜ் ஏத்துங்க. அன்னைக்கே போலாம்.”

“ஏத்திருதேன். ஆனா அதுவரைக்கும் சொரிமுத்து பக்கத்துல இருக்கக் கூடாது.”

“சரி.”

மறுநாள் காலை சொரிமுத்து அரிசி மில் மோட்டார் வேலைக்குப் போய்விட்டார். போகும்போதுகூட, “வே, பானட்டைத் தொறந்து போட்டுட்டு சாப்பிடப் போகாதியும். பூனை ஏறும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பட்டறை அமைதியானது. ஆவுடையப்பனுக்கு சொர்க்கம் போல இருந்தது.

காரை ஸ்டார்ட் செய்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மங்கலாக மினுங்கியது. சார்ஜ் ஏறவில்லை என்று டிரைவருக்குச் சொல்லும் விளக்கு.

ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

“ஏறலைன்னு எனக்குத் தெரியாதா? நீ வேற சொல்லணுமாக்கும்” என்றார்.

பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயரின் முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. வெட்டி எறிந்தார். புது முனை வைத்து இறுக்கினார். கோளாறு அதுதான். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்து மீட்டர் வைத்துப் பார்த்தார். சார்ஜ் ஏறவில்லை.

பெல்ட்டை மாற்றினார். ஏறவில்லை. ஆல்டர்னேட்டரின் பிரஷ்ஷை மாற்றினார். ஏறவில்லை. பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தார். விளக்கிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஒன்றை மட்டும், அது எங்கே போனால் என்ன என்று விட்டுவிட்டார்.

ஆக்ஸிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தால் மீட்டர் முள் துள்ளி எழுந்தது. ஆஹா என்று அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், பழைய குருடி கதவைத் திறடி.

ஆவுடையப்பன் மனம் விடவில்லை. விரல் நுனியெல்லாம் காயம். வீட்டில் சோறு பிசையும்போது கை எரிந்தது. இதற்கு வெக்கப்பட்டு விட்டுவிட்டுப் போனால் நான் ஆவுடையப்பனே இல்லை என்று சொல்லிக்கொண்டு மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

பட்டறையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது அதைத்தானே.

கடைசியில் செண்பகவல்லியின் முன்னால் போய் நின்றார்.

“அக்கா, இந்தக் கார்ல நான் பாக்காத இடமே இல்ல.”

செண்பகவல்லி எழுந்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். ஸ்டார்ட் செய்யவில்லை. எதிரே இருந்த இருட்டு ஓட்டையைப் பார்த்தார்.

“இங்க ஒரு வெளக்கு இருக்குமே.”

“கழட்டிட்டேன். தொந்தரவா இருந்துச்சு.”

“சரி. அதோட ஒயரு எங்க போகுது?”

“அது சும்மா வெளக்கு ஒயருக்கா.”

“எங்க போகுதுன்னுதான் கேட்டேன்.”

இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் அந்த மெல்லிய ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனார். டேஷ்போர்டுக்குள் நுழைந்தது. இன்ஜின் பக்கம் எட்டிப் பார்த்தது. வளைந்தது. நேராக ஆல்டர்னேட்டரின் முதுகில் போய் நின்றது.

அவர் அதுவரை பார்த்ததெல்லாம் டைனமோ வண்டிகள். டைனமோ தானாக எழும். அதில் இந்த விளக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆல்டர்னேட்டர் அப்படியில்லை. அதைத் தட்டி எழுப்ப முதலில் கொஞ்சம் கரண்ட் வேண்டும்.

அந்தக் கரண்ட் இந்த விளக்கு வழியாகத்தான் வருகிறது என்று இப்போது அவர் கையே அவருக்குச் சொன்னது. ஒயர் முனையை மாற்றிய அன்றே பழைய கோளாறு தீர்ந்திருந்தது; அதன் பிறகு சார்ஜ் ஏறவிடாமல் வைத்தது, தொந்தரவு என்று அவர் கழற்றிய பல்புதான்.

சட்டைப் பையிலிருந்து பல்பை எடுத்தார்.

பல்பை மாட்டினார். சாவியைத் திருகினார். சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட் செய்தார். விளக்கு தானே அணைந்தது. மீட்டர் முள் எழுந்து அப்படியே நின்றது.

செண்பகவல்லி டீ கிளாஸோடு வாசலில் நின்றிருந்தார்.

“ஏறுதா?”

“ஏறுதுக்கா.”

“அப்ப நீங்க போலாம் அண்ணாச்சி.”

கேட்ட உத்தரவு கிடைத்துவிட்டது. ஆவுடையப்பன் கையைத் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அரிசி மில்லுக்கு நடந்தார்.

சொரிமுத்து மோட்டாருக்கு அடியில் குனிந்திருந்தார். தலை முழுக்கத் தவிடு.

“சொரிமுத்து, அக்கா உத்தரவு கொடுத்துட்டாங்க. கடை போடப் போறேன். நீரும் வாரும் வே.”

சொரிமுத்து நிமிரவில்லை.

“கடை எங்க?”

“ரயில்வே கேட் பக்கத்துல. எடம் பாத்தாச்சு.”

“கேட் பக்கத்துலயா? ஒரு மழை பேஞ்சா அங்க முட்டளவு தண்ணி நிக்கும். எந்த மடையன் வே உமக்கு அந்த எடத்தச் சொன்னான்?”

ஆவுடையப்பன் தவிட்டு மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நானேதான் பாத்தேன்” என்றார். “இன்னும் என்னென்ன கோளாறு இருக்கு? சொல்லும்.”