மட்டக்கல்லுக்குப் பூசை

“முப்பதாயிரம் கன்னு மேடம். மூணாவது வருஷமும் செத்துப்போச்சு” என்றார் அருணகிரி.

வரப்பில் நின்ற தில்லைநாயகி சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழிந்துபோன அலையாத்திக் காட்டைத் திரும்ப வளர்ப்பதுதான் அருணகிரியின் வேலை. கடல் தண்ணீர் உள்ளே வந்து போக வாய்க்கால் வெட்டி, அதன் சரிவில் கன்று நட வேண்டும். அவருக்கு ஐம்பத்துநாலு வயது. பொறியாளராக முப்பது வருஷம். பாடம் சொல்ல வந்திருந்த தில்லைநாயகிக்கு வயது முப்பத்துமூன்று. அவரும் பொறியாளர்தான். ஆனால் இதே மாதிரி இரண்டு காடுகளை எழுப்பிக் காட்டியவர்.

அருணகிரியே கடிதம் எழுதி வரவழைத்தார். தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு கூச்சம் என்ன வேண்டியிருக்கிறது?

“இன்னும் ஒரு நடவுக்குத்தான் அனுமதி. அதுவும் போச்சுன்னா இந்த நிலத்தை இறால் பண்ணைக்குக் கொடுத்துடுவாங்க. பின்னாடி பாருங்க, நூத்திருபது வீடு. புயல் வந்தா குறுக்கே நிக்க ஒரு மரம் கிடையாது.”

“எப்படிச் சாகுது?”

“மூழ்கி. கடல் தண்ணி வத்தின பிறகும் கன்னு தண்ணியிலேயே நிக்குது. வேர் அழுகிடுது.”

“வாய்க்கால் மட்டம்?”

“விரலளவு தப்பு கிடையாது மேடம். எல்லாம் மட்டக்கல்லை வெச்சு அளந்தது.”

தில்லைநாயகி கையை நீட்டினார். தூரத்தில் ஒரு வாய்க்காலின் ஓரம் மட்டும் பச்சையாக இருந்தது.

“அது?”

அருணகிரிக்கு எரிச்சல் வந்தது. “அது தப்பா வெட்டினது. அஞ்சலைன்னு ஒரு அம்மா. ஒரு சாண் மேலேயே நிறுத்திட்டா. ஆழமா வெட்டுன்னா, ‘போதும் சார், இதுக்கு மேல போனா செடி முங்கிடும்’னு எனக்கே பாடம் எடுத்தா. கல் பொய் சொல்லாது, நீ கெளம்புன்னு அனுப்பிட்டேன்.”

“பச்சையா இருக்கே அண்ணே.”

“ஏதோ தப்பிச்சுக் கெடக்கு.”

தில்லைநாயகி சிரித்தார். “அந்தக் கல்லைக் காட்டுங்க.”

மட்டக்கல் வாய்க்காலின் வாயில், சேற்றில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அருணகிரி தன் கையால் நட்டது. பௌர்ணமிக் கடல் எதுவரை ஏறும் என்று பார்த்து அதில் ஒரு கோடும் வெட்டியிருந்தார். அந்தக் கோட்டுக்கு மேல் கடல் வராது. எந்த வாய்க்காலை வெட்டினாலும், எந்தக் கன்றை நட்டாலும் அங்கிருந்துதான் அளவு.

கல்லுக்கு மஞ்சள், குங்குமம், கதம்ப மாலை. பக்கத்தில் வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி.

“வெள்ளிக்கிழமை பூசை மேடம். ஒரு வாரம் விட்டதில்லை. தேங்காய் நாரும் புளியும் போட்டு நானே தேய்ச்சுக் குளிப்பாட்டுவேன். ஆளுங்க கையில விடுறதில்லை.”

“தேய்ச்சா என்ன வரும்?”

“அழுக்குதான். சின்னச் சின்னதா சிப்பி ஒட்டியிருக்கும். சுரண்டிடுவேன்.”

தில்லைநாயகி குனிந்தார். மாலையைக் கழற்றினார். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார். பிறகு கல்லின் தலைமேல் உட்கார்ந்து, காலில் ஒட்டிய சேற்றை வழிக்க ஆரம்பித்தார்.

வேலையாட்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மேடம், அது…” அருணகிரி ஓரடி முன்னே வந்தார்.

“நாப்பது நாள் இதை யாரும் தொடக்கூடாது. பூசை கிடையாது. தேய்க்கிறது கிடையாது.”

“சாமிக்கு லீவா?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“ஆமா. சம்பளத்தோட” என்று எழுந்தார் தில்லைநாயகி.

முதல் வெள்ளிக்கிழமை அருணகிரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டாமல் போட்டு வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது வெள்ளி, கல் இருக்கும் பக்கமே போகவில்லை. அதன்பின் வேலையையும் நிறுத்திவிட்டுத் தள்ளியே இருந்தார். கல்லைத் தொடாமல் எதை அளப்பது?

நாற்பத்தோராம் நாள் தில்லைநாயகி வந்தார். தண்ணீர் வற்றியிருந்தது. அது வற்றிய பிறகுதான் அங்கே எப்போதுமே வேலை. இருவரும் சேற்றில் இறங்கிக் கல்லுக்குப் போனார்கள்.

கல்லில் அரிசி இறைத்த மாதிரி சிப்பி.

“எவ்வளவு அழுக்கு பாருங்க மேடம்” என்றபடி அருணகிரி தேங்காய் நாரைத் தேடினார்.

“அழுக்கு எதுவரைக்கும் இருக்கு அண்ணே?”

“கோடு வரைக்கும்…”

கோட்டைத் தேடினார். காணவில்லை. விரலால் தடவினார். சிப்பிக்கு அடியில் அகப்பட்டது.

கடல் நனைக்கிற இடம்வரைதான் சிப்பி ஒட்டும். அது கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது.

“கடல் ஏறிடுச்சா?”

தில்லைநாயகி திரும்பி, பக்கத்தில் இருந்த பாலத்தைக் காட்டினார். பாறையில் நிற்கும் பழைய பாலம். அதன் தூணில் சிப்பி எந்தக் காலத்திலும் நின்ற இடத்திலேயே நின்றது.

அருணகிரி பாலத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

கடல் ஏறவில்லை.

கையை விரித்துக் கல்லின்மேல் வைத்தார். சுண்டுவிரல் கோட்டில். கட்டைவிரல் கடைசிச் சிப்பியில்.

சரியாக ஒரு சாண்.

மூன்று வருஷமாகக் கல் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்க இறங்க வாய்க்காலும் இறங்கியது, கன்றும் இறங்கியது. வாராவாரம் கடல் அதைச் சிப்பியால் எழுதிக் காட்டியது. வாராவாரம் அவர் புளி போட்டுத் தேய்த்து அழித்தார்.

கை கல்லிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. தலை மட்டும் மெல்லத் திரும்பியது, அந்தப் பச்சை ஓரத்துப் பக்கம்.

கடைசியில் கையை எடுத்தார்.

“மேடம்… இனிமே நான் எங்கேருந்து அளக்கிறது?”

தில்லைநாயகி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அஞ்சலை வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும் அண்ணே?”