வால் ஆட்டும் தசை

"டீச்சர், இன்னைக்கு இதை அறுத்தே ஆகணும்."

தாணுமூர்த்தி தட்டை மேசைமேல் வைத்தார். தட்டில் ஈரப்பாசி. பாசிமேல் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை.

டீச்சர் என்று அழைக்கிறாரே என்று, மீசை முளைக்காத மாணவனை நினைத்துவிடாதீர்கள். தலை நரைத்த கல்லூரிப் பேராசிரியர். தவளையின் உடலமைப்பைக் கற்க, தன்னைவிட இளைய சலேத்மேரியைத் தேடி மலையேறி வந்தவர். ஆசை யாரை விட்டது?

"என்ன அவசரம் சார்?"

"இது ஆதித் தவளைக் குடும்பமா இல்லையான்னு தெரியணும். மற்ற தவளைக்கு இடுப்புக்கு மேலே எட்டு முதுகெலும்பு. ஆதிக் குடும்பத்துக்கு ஒன்பது. எண்ணிட்டா என் பேர் நிலைச்சிடும்."

"ஓடை முழுக்கத் தேடியும் இந்த ஒண்ணுதானே கிடைச்சது?"

"அதுக்கென்ன டீச்சர்? பிடிச்சப்பகூட ஒரு சத்தம் போடலை. இதுக்கு வலியே தெரியாதுபோல."

சலேத்மேரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வெளியே மழை. மேகம் இறங்கி, பட்டப்பகலிலேயே அறை இருண்டு கிடந்தது.

அவளிடம் ஒரு வழக்கம். எதை அறுக்கப் போகிறோமோ, அதை முதலில் தன் உடம்பில் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டாதவர் கையில் பிளேடு கிடையாது.

"விலா?"

தொட்டார்.

"முதுகெலும்பு?"

தொட்டார்.

"செவிப்பறை?"

"நல்லா கேட்டீங்க! இதுக்குத்தான் செவிப்பறையே கிடையாதே."

"அப்போ உங்களுக்கும் வேண்டாம்."

அவர் காதுகளில் பஞ்சை அடைத்தாள். மழைச் சத்தம் நின்றுபோனது. உதட்டில் விரல் வைத்து, பேசாதீர்கள் என்று காட்டினாள். தவளைக்குக் குரல்பையும் இல்லை.

பிறகு தவளையின் பின்புறத்தைச் சுட்டினாள். அவருக்குப் புரிந்தது. வால் ஆட்டும் தசை. வால் போய் யுகயுகமாகியும் ஆதிக் குடும்பத்தில் தசை மட்டும் போகவில்லை.

தாணுமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. எனக்கேது வால்? ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. முதுகுத்தண்டின் நுனியில் விரலை வைத்தார்.

தவளையின் பின்புறம் இடமும் வலமுமாக அசைந்தது.

அவர் விரலுக்கடியிலும் அசைந்தது.

ஐயோ!

அவர் அசைக்கவில்லை. சத்தியமாக அசைக்கவில்லை. தவளை மறுபடி அசைந்தது. அவருக்குள்ளும் மறுபடி.

டீச்சரைத் தேடினார். எதிரே காணவில்லை.

பின்கழுத்தில் சில்லென்று பிளேடு பட்டது. ஒவ்வோர் எலும்பிலும் நின்று, எண்ணுவதுபோல இறங்கியது.

அவர் வாயைத் திறந்தார். கத்தினார். குரலே எழவில்லை. தட்டிலிருந்து உருண்டைக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு காதிலிருந்து பஞ்சு மெல்ல உருவப்பட்டது.

"சத்தமே காணோமே சார்," என்றாள் சலேத்மேரி. "வலியே தெரியாதுபோல."